நாம் எப்போது வந்தோம்?

நான் சரித்திரம் படித்தவன் அல்லன். சிவில் என்ஜினீயரிங்கில் டிப்ளமா முடித்து, 1982-இல் ரயில்வேயில் சேர்ந்து, 37 ஆண்டுகள் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்திவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் இந்தத் துணைக்கண்டத்தின் பழங்கதையை எழுத முற்பட்டதற்குக் காரணம், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பேரன்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தவன், புத்தகப் பையைக் கூட இறக்கி வைக்காமல் கேட்டான்: "தாத்தா, நாம எப்ப இங்க வந்தோம்? நாமெல்லாம் வெளியிலேர்ந்து வந்தவங்கதான்னு என் கூடப் படிக்கிற பையன் சொல்றான்."

குழந்தைகள் பேச்சு என்று விட்டிருக்கலாம். ஆனால் காவிரிப் பிரச்சினையில் 1991 டிசம்பரில் இந்நகரில் நடந்தவற்றைக் கண்ணால் கண்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்தவுடன் வயிற்றைக் கலக்கும். பதில் சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை மடிவாளம் சோமேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு உள்ளது. "பாத்தியா? கெம்பேகௌடர் கோட்டை கட்டினது 1537-லதான். அதுக்கு 290 வருஷம் முந்தியே இங்க தமிழ் இருக்கு. போய்ச் சொல்லு உன் சிநேகிதன்கிட்ட" என்றேன். பையனுக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட மகிழ்ச்சி.

மறுநாள் காலை நடையின்போது இந்த வெற்றியை என் நண்பரிடம் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர். சிரித்துக்கொண்டாரே தவிர ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் இருவரையும் பேகூர் நாகேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே உள்ள பழைய கன்னட நடுகல், பெங்களூருப் போரில் மாண்ட ஒருவனின் நினைவாக நடப்பட்டது. காலம் சுமார் கி.பி. 890. நம் ஊரின் பெயர் வரும் மிகப் பழைய சாசனம் அதுவே. என் 1247 அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

நண்பர் என்னைக் கேலி செய்யவில்லை. "அதக்கிந்த முஞ்சே?" என்று மட்டும் கேட்டார். "அதற்கு முன்னால்?" என்று பொருள். அந்த ஒரு கேள்வி என்னைப் பல மாதங்கள் படிக்க வைத்தது. படித்ததில் தெளிவாகப் புரிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

ஜல்லிக்கு அடியில்

டீப் ஸ்கிரீனிங் என்று எங்கள் தொழிலில் ஒரு வேலை உண்டு. ஸ்லீப்பருக்கு அடியில் கிடக்கும் ஜல்லி முழுவதையும் வெளியே எடுத்து, சலித்து, மண்ணைக் கழித்து, மறுபடி இடுவது. பழைய பாதைகளில் இப்படித் தோண்டினால் மேலே கருங்கல் ஜல்லி, கீழே நீராவி என்ஜின் காலத்து நிலக்கரிச் சாம்பல், அதற்கும் கீழே எவரோ ஒரு காலத்தில் கொட்டிய செம்மண் என்று அடுக்கடுக்காக வரும். பயணிக்குத் தெரிவது தண்டவாளம் மட்டும்தான். வண்டியின் பாரத்தைத் தாங்குவது எல்லா அடுக்கும் சேர்ந்து. ஒரு நாட்டின் மக்களும் அப்படியே என்று எனக்குப் படுகிறது.

அடி மட்டத்திலிருந்து தொடங்குவோம். லால்பாக் தோட்டத்தில் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறையில் நம்மில் பலரும் ஏறி இறங்கியிருப்போம். அது தீபகற்ப நைஸ் என்னும் வகைப் பாறை. வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்துள்ளது. 'முதலில் வந்தது யார்' என்று கேட்டால், அந்தப் பாறை ஒன்றுதான் எழுந்து நிற்க உரிமை உடையது.

ஆனால் அந்தப் பாறையும் ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, தென் அமெரிக்கா எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற பெரும் கண்டத்தின் பகுதியாக இருந்தது. மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் வனப்பகுதியின் பெயரே அந்த ஆதி கண்டத்துக்குச் சூட்டப்பட்டது. அவர்கள் பேசும் கோண்டி, தமிழுக்கும் கன்னடத்துக்கும் உறவான மொழி. பிறகு நம் நிலம் பிரிந்து வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் மீது மோதியது. அந்த மோதலில் எழுந்ததுதான் இமயமலை. ஆக, நாம் நிற்கும் நிலமே வெளியிலிருந்து வந்ததுதான்.

கல்லாயுதக்காரர்கள்

1863 மே 30 அன்று, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், புவியியல் ஆய்வுத்துறை அலுவலர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கைக்கு அடக்கமான ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அன்றுதான் தொடங்கியது எனலாம். அதே ஆண்டில் கொற்றலையாற்றின் பக்கம் உள்ள அத்திரம்பாக்கத்தையும் அவர் குழு கண்டது. பின்னாளில் சாந்தி பப்பு தலைமையில் அங்கு அகழாய்வு நடந்தது. அந்தக் கல் கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தார்கள். கன்னட நாட்டிலும் குறைவில்லை. ஹுணசகிப் பள்ளத்தாக்கில் இசாம்பூர் என்னும் இடத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயது சுமார் 12 லட்சம் ஆண்டுகள்.

இதைப் படித்ததும், "எங்கள் அத்திரம்பாக்கம் மூன்று லட்சம் ஆண்டு மூத்தது" என்று என் மனம் மறுபடி கணக்குப் போட்டது. பழக்க தோஷம்! ஆனால் அந்தக் கோடரிகளைச் செய்தவர்கள் தமிழரும் அல்லர், கன்னடரும் அல்லர். நம் மனித இனமே அல்லர். ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் நம் இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தாம் ஆகின்றன.

நடந்தே வந்தவர்கள்

அந்த ஆப்பிரிக்கர்களில் ஒரு சிறு பகுதியினர் அக்கண்டத்தை விட்டுப் புறப்பட்டு, அரேபியா வழியாக, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து இங்கு வந்து சேர்ந்தார்கள். சுமார் 65,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது பலர் ஏற்கும் கணக்கு. இன்று இத்துணைக்கண்டத்தில் உள்ள ஏறக்குறைய எல்லோர் உடம்பிலும் அந்த முதல் வேட்டுவர்களின் பங்கு இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் மதுரைப் பக்கத்துச் சிற்றூர் மக்களிடம் எம்-130 என்ற மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். தொன்மையான அந்த அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் காணப்படுவது. மதுரைக்கு வந்த அதே கூட்டத்தின் இன்னொரு கிளை ஆஸ்திரேலியா வரை போயிருக்கிறது என்றால், 'ஊர்க்காரன்', 'வெளியூர்க்காரன்' என்ற சொற்களை எங்கே கொண்டு வைப்பது?

அடுத்த அடுக்கு, மாடும் விதையும். பெல்லாரி, ராய்ச்சூர்ப் பகுதிகளில் சாம்பல் மேடுகள் உள்ளன. எரிமலைச் சாம்பல் என்றுகூட ஒரு காலத்தில் எண்ணினார்கள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, மாடு மேய்த்த மக்கள் பட்டிகளில் சேர்ந்த சாணத்தைக் குவித்து எரித்த சாம்பல் அது என்பது பிறகு உறுதியாயிற்று. அவர்கள் பயிரிட்டவை கொள்ளு, பச்சைப்பயறு, சிறுதானியங்கள். இன்று நம் வீட்டில் கொள்ளு ரசமும் பக்கத்து வீட்டில் ஹுருளி சாரும் கொதிக்கின்றன. பெயர் இரண்டு, அடுப்பு இரண்டு, விதை ஒன்று.

எங்கள் தொழில் செய்த பாவம்

வடமேற்கே கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை சிந்துவெளி நகரங்கள் செழித்தன. இங்கே ஒரு ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லி வருந்த வேண்டியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் இருப்புப்பாதை போட்டபோது ஜல்லிக்குக் கல் கிடைக்கவில்லை. ஹரப்பா மேட்டில் கிடந்த சுட்ட செங்கற்களை அள்ளிப்போய்ப் பாதையில் கொட்டினார்கள். சுமார் 100 மைல் பாதைக்கு அந்தச் செங்கல் ஆனது என்று தொல்லியல் அறிஞர் கன்னிங்ஹாம் எழுதி வைத்திருக்கிறார். நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்திய நகரத்தின் மேல் வண்டிகள் ஓடின. ஓட்டியவருக்கும் தெரியாது, ஏறியவருக்கும் தெரியாது. 1921-இல் தயாராம் சாஹ்னி அங்கு அகழ்ந்தார். 1924-இல் ஜான் மார்ஷல் இந்த நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார்.

அந்த மக்கள் யார்? ஹரியானாவில் ராக்கிகடி என்னுமிடத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து எடுத்த மரபணு ஆய்வு 2019-இல் வெளியானது. இந்நாட்டின் பழைய வேட்டுவர் வழியும், பண்டை ஈரானியரோடு உறவுடைய ஒரு வழியும் அவளிடம் கலந்திருந்தன. மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் வழி அவளிடம் இல்லை. அவர்கள் கி.மு. 2000-க்குப் பிறகே வந்தார்கள் என்று அதே ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வு கூறுகிறது. அந்தப் புல்வெளி மக்களின் வேறொரு கிளை அதற்கு முன்பே ஐரோப்பாவுக்குள் புகுந்திருந்தது. கிழக்கே முண்டா மொழியினரின் முன்னோர் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தார்கள். இமயத்தின் வழியே திபெத்திய-பர்மிய மொழியினர் வந்தார்கள்.

இவர்கள் தனித்தனியே இருந்தார்களா? இல்லை. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலானோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்பு வரை இந்நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்தார்கள் என்கிறது. அதன் பிறகே, தத்தம் கூட்டத்துக்குள் மட்டும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இறுகியது. 'ஆதியிலிருந்தே நாங்கள் தனி' என்று சொல்லாத சாதி இல்லை. ரத்தம் அப்படிச் சொல்லவில்லை.

மொழி வேறு, ரத்தம் வேறு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரே குடும்பம் என்று 1816-இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ராயபுரத்திலிருந்து ஓடியதும் அதே 1856-இல்தான். பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயியும் இந்தக் குடும்பமே. அதைப் பேசுகிறவர்கள் முகத்தால் நம் பக்கத்து வீட்டுக்காரர் போல இருக்கமாட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் இந்தியாவில் 121. இதில் எதுவும் ஒரே ரத்தத்தின் மொழி அல்ல.

போனவரும் வந்தவரும்

மறுபடி நம் ஊருக்கு வருவோம். மடிவாளக் கல்வெட்டை மார்தட்டிக் காட்டினேனே, அது எழுதப்பட்ட காலத்தில் ஆண்டவன் சோழன் அல்லன். ஹொய்சள அரசன் சோமேசுவரன். அவன் அமர்ந்திருந்த இடமோ திருச்சிக்கு அருகே கண்ணனூர்! கன்னட அரசன் காவிரிக்கரைத் தமிழ்நாட்டில். தமிழ்க் கல்வெட்டு பெங்களூரில். அதற்கு முன் சோழர் 1004-இல் தலைக்காட்டைப் பிடித்தனர். 1116 வாக்கில் விஷ்ணுவர்த்தனன் அதை மீட்டான். கோலாரம்மா கோயிலிலும் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது இந்தப் போக்குவரத்தினால்தான்.

1638-இல் பெங்களூர் பிஜாப்பூர் தளபதி ஷாஜியின் கைக்கு வந்தது. அவர் மகன் ஏகோஜி இங்கிருந்து போய்த்தான் தஞ்சாவூரில் மராட்டிய அரசை நிறுவினார். இந்நகரின் பழம்பெரும் திருவிழா கரகம். தர்மராயர் கோயிலிலிருந்து அதை எடுப்பவர்கள் திகளர்கள். 'திகள' என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழைய சொல். அந்தக் கரகம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறது.

1809-இல் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினார்கள். படையோடு சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் சமையற்காரர்களும் சலவைத் தொழிலாளரும் வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டுப் பகுதிக்கு ரயில் வந்தது. என் தகப்பனார் அந்தப் பாதையில்தான் கேங்மேனாகச் சுத்தியல் தூக்கினார். அந்தப் பாதையில் போடும் ஜல்லி, லால்பாக் பாறைக்கு உறவான கல்லை உடைத்து எடுத்ததுதான்.

கேள்வி சட்டமானால்

இவ்வளவும் பழங்கதைதானே, இதனால் என்ன என்று கேட்கலாம். 'எப்போது வந்தீர்கள்' என்ற கேள்வி பள்ளி மைதானத்தோடு நின்றால் பரவாயில்லை. அது சட்டப் புத்தகத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதை நம் உறவுகளே அனுபவித்தார்கள்.

இலங்கை மலையகத்தில் காப்பியும் தேயிலையும் வளர்த்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம், உன் தகப்பன் இங்கே பிறந்தவனா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா, காட்டு என்றது. லயத்து அறையில் பிறந்த கூலிக்காரனிடம் ஏது பிறப்புச் சான்று? லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-இல்தான் அந்நாட்டுச் சட்டம் வழி திறந்தது.

அப்படித் தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலை கொடுத்தது எந்த மாநிலம் தெரியுமா? இதே கர்நாடகம். நம்மில் எத்தனை பேர் இதை மேடையில் சொல்லியிருக்கிறோம்?

பேரனுக்குச் சொன்ன பதில்

கடைசியில் பேரனை உட்கார வைத்துச் சொன்னேன்: "நாம இந்த ஊருக்கு வந்தது 1982-ல. தாத்தா வேலைக்கு வந்தேன். உங்கப்பா இங்கயே பொறந்தான், நீயும் இங்கயே பொறந்தே. யாராவது கேட்டா கல்வெட்டெல்லாம் காட்ட வேணாம், இதைச் சொல்லு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"அப்ப அவன் எப்ப வந்தான் தாத்தா?" என்றான்.

"அவனும் வந்தவன்தான். எல்லாரும் வந்தவங்கதான். சில பேர் காலை வண்டி, சில பேர் சாயங்கால வண்டி. இறங்குற ஸ்டேஷன் ஒண்ணு."

அவன் சிரித்துவிட்டு, "அப்ப லால்பாக் பாறை?" என்றான். "அது ஸ்டேஷன்" என்றேன்.

முதலில் வந்தோம் என்று நிரூபித்து மரியாதை பெறலாம் என்று நான் நினைத்தது தவறு. அந்த வழக்கில் ஒவ்வொருவரையும் தோற்கடிக்க இன்னொரு கல்வெட்டு இருக்கவே செய்யும். கடைசியில் வெல்வது பாறை ஒன்றுதான். பிந்தி வந்தவனுக்கு ஒரு கடமை மட்டும் உண்டு. இருக்கிற ஊரின் மொழியைக் கற்க வேண்டும். 37 ஆண்டுகள் கன்னடத்தில் வேலை வாங்கிய நான், கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாமலே ஓய்வு பெற்றேன். பேகூர் நடுகல்லின் முன் நின்றபோதுதான் அந்தக் குறை உறுத்தியது. தமிழெழுத்தும் கன்னட எழுத்தும் பிராமி என்ற ஒரே தாயின் பிள்ளைகள். இப்போது நண்பரிடம் நான் கன்னட எழுத்து படிக்கிறேன். அவர் என்னிடம் தமிழ் எழுத்து படிக்கிறார்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அந்த நல்லெண்ணத்தை நாமும் சிறிய அளவில் தொடரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லால்பாக் பாறையில் தொடங்கி, மடிவாளம், தொம்மலூர், பேகூர் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு சுற்றுலா வைப்போம். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கன்னட வீட்டுப் பிள்ளையையும் உடன் அழைத்து வர வேண்டும். என் பேரன் யாரை அழைத்து வருவான் என்பதை அவனே சொல்லிவிட்டான்: அந்தக் கேள்வியைக் கேட்ட பையனைத்தான்.